அண்ணன் பிளந்து வெச்ச விறகு

ஹலோ... ஹலோ, அண்ணி? கேக்குதா?... ஆமா, ஆமா, நான்தான் ஒட்வார்... இல்ல, கரடி கிரடி எதுவும் வரல. நல்லாத்தான் இருக்கேன்... ஆமா, ஸ்வால்பார்டு தீவுலதான், அண்ணன் தங்கின அதே குடிசையிலதான். சாட்டிலைட் போன், அதான் குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு... அங்க ஊர்ல, த்ரோம்சோவுல மழையா?... ஓ. இங்க மைனஸ் முப்பத்தொண்ணு.

...சாப்பிட்டேன். கலைமான் கறி. மூணு நாளா அதே பானை... சிரிக்காதீங்க அண்ணி. இன்னிக்கு நீங்க சிரிச்சா எனக்குத் தாங்காது.

...குடிக்கல. மதியம் பன்னெண்டரை மணி இப்ப. குளிர்காலம் முழுக்க வெளிய இருட்டா இருக்குங்கறதுக்காக பாட்டிலத் திறக்குற ஆளா நான்?... சரி, திறக்குற ஆள்தான். இன்னிக்குத் திறக்கல.

ஒண்ணு சொல்லணும்... உக்காந்திருக்கீங்களா?... உக்காருங்களேன்.

வெளிய யாரோ விறகு பிளக்குறாங்க. நாலு நாளா, தினமும் ஏறக்குறைய இந்த நேரத்துக்கு. இன்னிக்கு இன்னும் ஆரம்பிக்கல... அண்ணி, நூறு கிலோமீட்டர் சுத்தி மனுசன் கிடையாது, எனக்குத் தெரியாதா?... காத்து இல்ல. ஐஸ் வெடிக்கிற சத்தமும் இல்ல. ரெண்டு லேசான வெட்டு, அப்புறம் ஒரு கனமான வெட்டு. மறுபடி ரெண்டு லேசு, ஒரு கனம்...

...

ஆமா... ஆமா அண்ணி. எய்லிவ் அண்ணன் வெட்டுற மாதிரியேதான்.

...ம். செத்து ரெண்டு வருசம் ஆனவரு எப்படி வருவாரு, தனியா கிடந்து மூளை கலங்கிடுச்சுன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா பாம்ஸே இருக்கே... ஆமா, அவரோட நாய்தான். அது குரைக்கல. கதவுகிட்ட போய் நின்னு வால ஆட்டுது... சத்தம் நின்னப்புறம் திறந்து பாத்தா, வாசல்ல விறகு அடுக்கியிருக்கு. பனியில ஒரு காலடி கிடையாது... எரிக்கல. ஒரு குச்சி தொடல. மண்ணெண்ணெய் அடுப்ப வெச்சே ஓட்டிட்டிருக்கேன்... ஏன்னா... ஏன்னா அதத் தொட எனக்கு யோக்கியதை இல்ல.

...இருங்க. குறுக்க பேசாதீங்க, பேசினா நிறுத்திடுவேன். ரெண்டு வருசமா நிறுத்திக்கிட்டேதான் இருக்கேன்.

குடிசைய விட்டுக் கிளம்புறவன் என்ன செய்யணும்?... ஆமா. பெட்டி நிறைய காஞ்ச விறகு, மேல தீப்பெட்டி. அடுத்து வர்றவன் யாரா இருந்தாலும் சரி. அதுக்கப்புறம்தான் என்னென்ன இருக்குன்னு குடிசை நோட்டுல எழுதணும்... ஆமா. அண்ணன் கடைசியா இங்க வந்தப்ப, அவருக்கு முன்னாடி இங்க தங்கினவன் நான்தான்.

ஊர்ல கிறிஸ்துமஸ் விருந்து. புயல் வேற வருதுன்னாங்க. இருந்த கடைசிக் கட்டையையும் காப்பிக்கு எரிச்சுட்டு, நோட்டுல 'விறகு நிறைய இருக்கு'ன்னு எழுதிட்டு ஸ்னோ ஸ்கூட்டர்ல ஏறிட்டேன். ஒரு மணி நேர வேலை அண்ணி. அதுக்குச் சோம்பல்.

...

அண்ணி?... இருக்கீங்களா?... ம்.

...இல்ல, அவரு குடிக்கல, தூங்கவும் இல்ல. ஊர்ல சொன்னது பொய். தம்பி வெச்சுட்டுப் போன விறகையெல்லாம் எரிச்சுத் தீத்துட்டு, வேற பிளக்காம குடிச்சுட்டுக் கிடந்து விறைச்சுப் போயிட்டான்னு... தெரியும். அடக்கம் முடிஞ்சு காப்பி குடிக்கறப்ப உங்க முன்னாடியே ஒருத்தர் சொன்னாரு. நான் பக்கத்துல கேக் தட்ட வெச்சுக்கிட்டு தலைய ஆட்டினேன். ஆட்டினேன் அண்ணி. தூ.

...எப்படித் தெரியும்னா... தேடப் போனவங்கள்ல முதல்ல உள்ள நுழைஞ்சவன் நான். அவரு நோட்டுல எழுதி வெச்சிருந்தாரு. மத்தவங்க வர்றதுக்குள்ள அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டேன்...

திட்டுங்க... ம்... இன்னும் திட்டுங்க. வெக்கமா இருக்கு அண்ணி. இந்தக் குளிர்லயும் காது சுடுது.

...இருக்கு. சட்டைப் பையில. படிக்கிறேன், இருங்க, கண்ணாடி... "பெட்டி காலி. வரும் வழியில் ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்துவிட்டேன். விறைத்த கையில் கோடாலி நிற்கவில்லை. தம்பி அவசரத்தில் மறந்திருப்பான். அவனை யாரும் எதுவும் சொல்லாதீர்கள்."

...

...

...உங்களுக்கா?

...எழுதியிருந்தாரு. கீழ. 'குன்வோருக்கு'ன்னு உங்க பேரப் போட்டு ஆரம்பிச்சு நாலு வரி... இல்ல அண்ணி. என்கிட்ட இல்ல. கிழிக்கறப்ப பக்கம் ரெண்டாப் போச்சு, வெளிய ஆள் வர்ற சத்தம், மேல்பாதி பையில, கீழ்ப்பாதிய அடுப்புச் சாம்பல்ல திணிச்சுட்டேன். வந்தவங்க கையோட கொண்டு வந்த விறகப் போட்டுப் பத்தவெச்சாங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன்... படிக்கல. படிக்கக்கூட இல்ல.

...

 

...இருங்க. ஆரம்பிச்சுடுச்சு. கேக்குதா? போன கதவுகிட்ட வெக்கிறேன்... ரெண்டு லேசு... கேட்டுச்சா?... கேட்டுச்சா!... அழாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல.

...என்ன?... கதவையா? வேணாம் அண்ணி. சத்தம் வர்றப்ப நான் ஒருநாளும் திறந்ததில்ல. அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்... மன்னிக்க மாட்டீங்க, தெரியும். அதுக்காகக் கேக்கல... போன்ல சார்ஜ் ஒரே கோடுதான் இருக்கு... சரி... சரி சரி, கேக்குறேன். அந்த நாலு வரி என்னன்னு நானே கேக்குறேன். நீங்க வெச்சுடாதீங்க... பாம்ஸே, நகரு... தாழ்ப்பாள எடுத்துட்டேன்.

அண்ணே... நான்தான்... அந்தக் கோடாலிய இப்படிக் குடு, நான் பிளக்குறேன்... அண்ணி லைன்ல இருக்காங்க. அவங்களுக்கு நீ என்ன எழு