மூடிமேல் ஒரு இலை

அந்த ஜப்பானிய ஹோட்டலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதற்காகவே புது சாக்ஸ் போட்டிருந்தேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. எனக்கு அது சின்ன ஏமாற்றம்தான், மேடம். இதை எழுதிக்கொள்ள வேண்டாம், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

முதலில் ஒன்று. அந்தச் சமையல்காரரைப் போட்டுத் துளைக்காதீர்கள். அவர் உங்கள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுததாகக் கேள்விப்பட்டேன். அவர் செய்தது அத்தனையும் சரி. தப்பில்லாத மனிதர்மேல் பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் நானே பேச வந்தேன்.

என் தங்கைக்கு ஜப்பானில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம். வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்கு விருந்து வைத்தேன். "அங்க போய்த் திருதிருன்னு முழிக்கறதுக்கு முன்னாடி, இங்கயே ஒரு தடவ பழகிக்கலாம் குட்டி" என்று நான்தான் சொன்னேன். அவளுக்கு முப்பது வயது. ஆனாலும் எனக்குக் குட்டிதான்.

நீளமாக ஒரே மரமேஜை, எட்டு நாற்காலிகள். மேஜைக்கு அந்தப் பக்கம் சமையல்காரர் நின்று நம் கண்முன்னாலேயே செய்து தருகிறார். மெனு அட்டை கிடையாது. அவர் என்ன தருகிறாரோ அதைத்தான் சாப்பிட வேண்டும். கைப்பைகளை நாற்காலிக்கு அடியில் ஒரு கூடையில் வைக்கச் சொன்னார்கள். மடியில் விரித்துக்கொள்ள ஒரு கனத்த துணி கொடுத்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

குட்டிக்கு இறால் ஆகாது. ஏழு வயதில் பக்கத்து வீட்டுக் கல்யாண விருந்தில் தெரியாமல் ஒரு துண்டு தின்றுவிட்டாள். முகம் வீங்கி, உதடு நீலமாகி, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. அம்மா அதற்கு முந்தைய வருடமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியில்தான். எனக்குப் பதினைந்து வயது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அக்கா, அக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். ஊசி போட்டதும் பிழைத்துக்கொண்டாள். நான்தான் அதற்கப்புறம் சரியாகவில்லை.

அன்றிலிருந்து பயம்தான் என் வேலை. படித்து மருந்துக்கடையில் சேர்ந்ததே அதற்காகத்தான். பேனா மாதிரி ஒரு ஊசி வரும், தொடையில் வைத்து அழுத்தினால் போதும். அது என் பையில் இல்லாமல் ஒரு நாள்கூட வெளியே போனதில்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் உட்காரும் முன்பே நான் சொல்லிவிடுவேன்: "இவளுக்கு இறால் ஆகாது." இருபத்து மூன்று வருடம் நான் சொன்ன வாக்கியம் அது. தூக்கத்தில்கூடச் சொல்லுவேன் என்று அவள் கிண்டல் செய்வாள்.

அன்றைக்கும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குட்டி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீ சும்மா இரு. நான் சொல்றேன்."

சொன்னாள். ஜப்பானிய மொழியில். மூன்று மாதமாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை. சமையல்காரருக்கு முகமெல்லாம் பல். குனிந்து குனிந்து ஏதோ பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

"என்னடி சொன்ன?"

"நீ சொல்றததான். எனக்கு இறால் ஆகாது, சாப்பிட்டா உயிருக்கே ஆபத்துன்னு. இதோ பாரு, ஊசியும் சொந்தமா வாங்கிட்டேன். இனிமே நீ எனக்காகப் பயப்பட வேண்டாம்க்கா. நிம்மதியா இரு."

அன்பாகத்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயப்பட வேண்டாம் என்றால் அப்புறம் நான் என்ன செய்வேன், மேடம்? காலையில் எதற்காக எழுந்திருப்பேன்?

நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். ஏழு வயதுக்கு அப்புறம் அவளுக்கு இரண்டு தடவை அப்படி வந்திருக்கிறது. ஒன்று, காலேஜ் ஹாஸ்டலில் சேரப் போன வாரம். இன்னொன்று, கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று வந்து நின்றபோது. இரண்டும் தற்செயல் இல்லை. மிகக் கொஞ்சம்தான், சூப்பில் அரை ஸ்பூன் இறால் பொடி. இரண்டு தடவையும் அவள் என்னைப் பார்த்து "அக்கா" என்றாள். அந்தச் சொல் வந்த நிமிடமே ஊசியைப் போட்டேன். ஹாஸ்டல் வேண்டாம் என்று அவளேதான் சொன்னாள். அந்தப் பையனையும் அவளேதான் வேண்டாம் என்றாள். நான் வற்புறுத்தவே இல்லை.

நான்காவதாக முட்டையை ஆவியில் வேகவைத்துக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். எனக்குக் கொடுப்பதில் இறாலை விழுதாக அரைத்துக் கலந்திருந்தது. குட்டிக்குத் தனியாக, இறால் இல்லாமல். இரண்டும் ஒரே மாதிரிக் கிண்ணம், ஒரே மாதிரி மூடி. பரிமாறுகிறவர்கள் குழம்பிவிடக் கூடாதென்று சமையல்காரர் அவளுடைய மூடிமேல் ஒரு சின்னப் பச்சை இலையை வைத்தார். "இலை இருப்பது தங்கைக்கு" என்று எனக்குப் புரியும்படி கையாலும் காட்டினார். இரண்டு கிண்ணமும் இருந்த தட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்கள். அவ்வளவு கவனமான மனிதர் அவர்.

இலை தனக்கு என்று கேட்டுத் தலையாட்டிவிட்டுக் குட்டி கை கழுவப் போனாள். சமையல்காரர் மீன் நறுக்கத் திரும்பினார். நான் இலையை எடுத்து மற்ற மூடியின்மேல் வைத்தேன். ஈரமாக இருந்ததால் விரலில் ஒட்டிக்கொண்டது, ஊதித் தள்ள வேண்டியிருந்தது. பிறகு கூடைக்குள் குனிந்து அவள் பையிலிருந்த ஊசியை எடுத்தேன். என்னுடையதையும் எடுத்தேன். இரண்டையும் மடித்துணிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வந்து உட்கார்ந்தாள். இலை இருந்த கிண்ணத்தைத் தன் கையாலேயே எடுத்தாள். நான் நீட்டக்கூட இல்லை.

முதல் ஸ்பூனில் கண்ணை மூடிக்கொண்டாள். "அக்கா, செமையா இருக்கு. இந்த ருசி எனக்கு எங்கயோ தெரியும்" என்றாள்.

இரண்டு ஸ்பூனில் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் வேகமாகச் சாப்பிட்டாள். ஊரை விட்டுப் போகிற பிள்ளை ஆசையாகச் சாப்பிடும்போது போதும் என்று எப்படிச் சொல்வது? கிண்ணத்தை வழித்தாள்.

அப்புறம் உள்ளங்கையைச் சொறிந்தாள். எனக்கு அந்த அடையாளம் தெரியும். தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அந்த நிமிடம் அவள் முகத்தில் வந்த பயம் இருக்கிறதே, அது ஏழு வயதுப் பயம். கொஞ்சம்கூட மாறவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பல நாளுக்கு அப்புறம் ஊருக்குத் திரும்பி வந்த மாதிரியும் இருந்தது.

கீழே குனிந்து கூடையை இழுத்தாள். பையைத் தலைகீழாகக் கொட்டினாள். பாஸ்போர்ட், சீப்பு, சாவி, அந்த மொழி கற்றுக்கொண்ட நோட்டு. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தேடினாள். விரல்கள் அதற்குள் வீங்கிவிட்டன.

சமையல்காரர் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். யாரோ ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார்கள். நீல உடுப்பு போட்ட பெண்மணி ஒருத்தி, நர்ஸாம், எழுந்து வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "நான் பாத்துக்கறேன். எனக்கு இது பழக்கம். மருந்து என்கிட்ட இருக்கு" என்றேன். எல்லாரும் விலகி நின்றார்கள். நிதானமாகப் பேசினால் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள்.

நான் சொன்னது பொய்யில்லை. மருந்து என்னிடம்தான் இருந்தது. ஒன்றுக்கு இரண்டாக.

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். காதோடு காதாக, "சொல்லு குட்டி, சொல்லு" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சமையல்காரரை நோக்கிக் கையை நீட்டினாள். உதடு அசைந்தது, அந்த வாக்கியத்தைத்தான் சொல்லப் பார்த்தாளோ என்னவோ. நான் மடித்துணிக்கு அடியில் ஊசியின் மூடியைக்கூடக் கழற்றித் தயாராக வைத்திருந்தேன். அவள் சொன்ன அடுத்த நொடி போட்டிருப்பேன். அது சத்தியம்.

அந்த நர்ஸ் பொறுக்க முடியாமல் என் மடித்துணியைப் பிடுங்கியபோது நேரம் கடந்துவிட்டது. அவளே இரண்டையும் போட்டாள். ஆம்புலன்ஸ் வந்தபோது என் தோளில் கனம்தான் இருந்தது, மூச்சு இல்லை.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இலையை மாற்றியது நான். ஊசிகளை ஒளித்தது நான். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான்.

நேற்று ஒன்று கேட்டீர்கள். தொண்டை முழுக்க அடைத்துப்போனவளால் எப்படிக் கூப்பிட முடியும் என்று. அது எனக்குத் தெரியாதா, மேடம்? பதினெட்டு வருடம் மருந்துக்கடையில் இருந்தவள் நான். இருந்தாலும், கண்ணுக்குள் வைத்து வளர்த்த என்னை ஒரே ஒரு தடவை "அக்கா" என்று கூப்பிட்டிருக்கலாம்.