வானம் பார்த்த இருக்கை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் ஜோஷ்வாவின் சித்தப்பா எபினேசருக்கு நடந்தது.

ராத்திரி ஏழரை மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் கடைசிச் சாலை... மழை விட்டிருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. சாலை முடிகிற இடத்தில் ஒரு பழைய இரும்பு யார்டு. பழைய வண்டிகளை கேஸ் நெருப்பால் வெட்டுவது எபினேசரின் வேலை. துண்டுகள் உருக்குவதற்குப் பக்கத்து உலைக்குப் போகும்.

அன்று வந்தது வெள்ளைக்காரன் காலத்து ராணுவ லாரி. உலகச் சண்டையில் அரிசியும் பெட்ரோலும் சுமந்து வண்டிகள் வரிசையாகப் போகுமாம். காவலுக்கு ஒரு லாரியில் மட்டும், விமானத்தைச் சுடும் துப்பாக்கி. அந்த லாரிதான் இது. துப்பாக்கி போய்விட்டது. சுடுகிறவனின் இருக்கை மட்டும், துருவேறி இறுகி, வானத்தைப் பார்த்தபடி...

"காலைல உலைக்குப் போவணும் எபி. ஜெபம் பண்ணிக்கினே தூங்கிடாத!" சிரித்துக்கொண்டே மேஸ்திரி ரகு கிளம்பிவிட்டான்.

யார்டில் ஒரு வழக்கம். வெட்டுமுன் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டி, குரல் கொடுக்க வேண்டும். உள்ளே நாய் படுத்திருக்கும். சில நாள் குடித்துவிட்டு ஆளும் படுத்திருப்பான்.

டங்... டங்... டங்.

"உள்ள யார்னா கீறீங்களா? எறங்கிடுங்கபா!"

நனைந்த காக்கித் துணியின் வாடை. உயரே, சென்னையிலிருந்து கிளம்பிய ஒரு விமானம்.

க்ரீ...ச்.

இருக்கை திரும்பியது. விமானத்தின் விளக்கோடு கூடவே... அது மேகத்தில் மறையும் வரை.

எபினேசர் ஓரடி பின்வாங்கினார். ஓடியிருக்கலாம். ஆனால் காலையில் வேறொருவன் வந்து, தட்டாமலே வெட்டிவிட்டால்? அந்த நினைப்பு அவரை நகரவிடவில்லை.

"அண்ணே..." இருபது வயதுகூட இராத குரல். "எறங்கலாமா? இன்னும் யாரும் சொல்லலியே."

எபினேசர் அழுதுவிட்டார். காவலுக்கு உட்காரவைத்தவர்களில் ஒருவர்கூட, இறங்கு என்று சொல்ல வரவில்லை.

"சண்ட முடிஞ்சுபோச்சு தம்பி. எறங்கு. ஊட்டுக்குப் போ."

பிறகு...

"ஊடு எங்கன்னு மறந்துபோச்சுண்ணே."

"அப்ப எங்கூட வா, கண்ணு."

கையை நீட்டினார். யாரோ பிடித்ததுபோல் உள்ளங்கை சில்லிட்டது. ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் நெருப்பைப் பற்றவைத்தார். அடுத்த விமானம் போனது. இருக்கை அசையவில்லை.

இப்போதும் அவர் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. யாரும் அதில் உட்காருவதில்லை. அவர் மனைவி ஷைனி படுக்கப் போகுமுன் அதை வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் டீயும் வைப்பாள். ராத்திரி விமானம் போகும். சிமெண்டுத் தரையில் கால் உரச, நாற்காலி விமானத்தின் பக்கம் திரும்பும்... க்ரீச்.

"பிளேன்ல ஜனங்கதான் போறாங்க தம்பி," என்பார் எபினேசர், பாயில் படுத்தபடியே. "ஒண்ணும் பயமில்ல."

அப்புறம், மெதுவாக... நாற்காலி வீட்டுப் பக்கம் திரும்பும்.