வெப்சைட்டுக்கு ஒரு திருஷ்டி பொம்மை

ஒட்டுக்கேட்பது என் வழக்கமில்லை. ஆனால் தாம்பரம்–வேளச்சேரி பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த பாத்திரக்கடைக்காரருக்கு வெண்கலக் குரல். பக்கத்தில் இருந்த நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கடைக்கு வெப்சைட் ரெடியாவற வரைக்கும், அதுல ஒரு திருஷ்டி பொம்மை மாட்டணும்னு கேட்டேன் மச்சான்.”

“வெப்சைட்டுக்கா?”

“பின்ன? வூடு கட்டறப்போ மாட்டறோம்ல? பெரிய கம்பெனிக்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எழுந்து வந்துட்டேன். அப்பறம் ராஜகீழ்ப்பாக்கத்துல மூணே பேர் வேலை செய்யற ஒரு ஆபீஸுக்குப் போனேன்.”

“அவங்க சிரிக்கலியா?”

“இல்ல மச்சான். டிசைன் பண்ற பொண்ணு நோட்டைத் தொறந்து, ‘நாக்கு எவ்ளோ நீளம் தொங்கணும் சார்?’னு கேட்டுச்சு. வேலை உங்களுக்குத்தாம்மான்னு அங்கியே சொல்லிட்டேன்.”