பத்தாம் பதிப்பு

– கையத் தூக்கினியா, இல்ல சும்மா உக்காந்திருந்தியா? அத மட்டும் சொல்லு.

– தூக்கினேன்மா.

– எதுக்கு? அப்பா எழுதின புத்தகம் வேண்டாம்னு சொல்றதுக்கா?

– கொஞ்சம் மெதுவா பேசேன்மா. அவர் காதுல விழப்போகுது.

– விழாது. சமையல்கட்டு சிங்க்குக்கு அடியில தலைய விட்டுப் படுத்துக்கிடக்குறாரு. காலையில இருந்து குழாய் ஒழுகுது. பிளம்பரைக் கூப்பிடுங்கன்னா, மெக்கானிக்ஸ் வாத்தியார் வீட்டுக்கு பிளம்பரான்னு கேக்குறாரு. இப்ப முன்னவிட நல்லா ஒழுகுது.

– நானே அவர்கிட்ட சொல்லிடறேன்மா. அதுக்குத்தான் காலேஜ்ல இருந்து நேரா இங்க வந்தேன். வீட்டுக்குக்கூடப் போகல.

– நல்லா இருக்கு கதை. ஊரான் ஒருத்தன் வேண்டாம்னு சொன்னா போகட்டும்னு விடலாம். பெத்த பொண்ணு, அவர் வேலை பாத்த அதே காலேஜ்ல, அவர் நின்ன அதே போர்டு முன்னாடி நின்னு பாடம் நடத்துறவ! ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

– சொல்லியிருந்தா நீ என்னத் தூங்க விட்டிருப்பியா?

– வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.

– அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? யாராவது அந்த ஸ்பேனர எடுத்துக் குடுங்கப்பா!

– கூப்பிடுறாரு, போ. ஸ்பேனரக் கையில குடுத்துட்டுச் சொல்லாத. சொல்லிட்டு அப்புறம் குடு.

– அப்பா...

– வந்துட்டியா பாப்பா? அதாவது, சிவப்புக் கைப்பிடி போட்டது. அது இல்ல, அது கொறடு. அதுக்குப் பக்கத்துல. ஆங், அதேதான்.

– அப்பா, கொஞ்சம் வெளிய வரீங்களா? ஒரு விஷயம் பேசணும்.

– இப்ப வெளிய வந்தா நட்டு நழுவிடும். அப்படியே பேசு. கைதான் வேலையா இருக்கு, காது சும்மாத்தான் இருக்கு.

– இன்னிக்கு எங்க கமிட்டி கூடுச்சுப்பா. முதல் வருஷ மெக்கானிக்ஸுக்கு இனிமே எந்தப் புத்தகம் வைக்கிறதுன்னு.

– ம்.

– உங்க புத்தகத்த எடுத்துட்டாங்க. இல்ல... எடுத்துட்டோம். நானும்தான் கையத் தூக்கினேன்.

– டார்ச்ச கொஞ்சம் இடது பக்கமா காட்டு.

– அப்பா, நான் சொன்னது கேட்டுச்சா?

– கேட்டுச்சு. இடது பக்கம். உன் இடது இல்ல, என் இடது. சரியா? அதுக்குப் பதிலா எத வெச்சீங்க?

– ஒரு திறந்த புத்தகம்ப்பா. பல காலேஜ் வாத்தியாருங்க சேர்ந்து எழுதினது. யார் வேணாலும் போன்லயே இறக்கிக்கலாம், அச்சடிச்சுக்கலாம். வாத்தியாருங்க திருத்தலாம், புதுசா சேர்க்கலாம். யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம்.

– அதாவது, இலவசம்.

– ஓசின்னா உங்க காலேஜ் விடுமா!

– நீ வேற ஏம்மா! இலவசம்கிறதுக்காக மட்டும் இல்லப்பா. நம்ம பசங்களுக்கு ஏத்த மாதிரி அத மாத்தி எழுத எனக்கு ஒரு வகுப்பக் குறைச்சுக் குடுக்குறாங்க. நூலகத்துல ஒரு ஆளத் துணைக்குப் போட்டிருக்காங்க. ஒழுங்காத்தான் செய்யுறாங்க.

– செய்யட்டும். அந்த ரெண்டாம் அத்தியாயம் ஒண்ணே போதும், நல்லா எழுதியிருக்காங்க.

– நீங்க அதப் பாத்திருக்கீங்களாப்பா?

– அதாவது... நல்லா இருந்தாத்தான வெச்சிருப்பீங்கன்னு சொல்ல வந்தேன். டார்ச்ச ஆட்டாத. உங்க துறைத் தலைவர் என்ன சொன்னாரு?

– அவர் உங்க பக்கம்தான். கூட்டத்துக்கு முன்னாடி என்னத் தனியாக் கூப்பிட்டு, உங்க அப்பா புத்தகம்தான, உனக்கு எதுக்கு இந்த வம்பு, பேசாம இருந்துடுன்னாரு.

– பேசாம இருந்திருக்கலாமே.

– இருந்திருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துடுச்சு.

– எந்தப் பொண்ணு?

– போன வருஷம் என் வகுப்புல இருந்தா. கடைசி பெஞ்சு, அதிர்ந்து பேச மாட்டா. வீட்டுப் பாடத்த மணி மணியா எழுதிக் குடுப்பா, ஆனா ஒரு விடைகூட சரியா இருக்காது. நானும் பூஜ்யம் பூஜ்யமா போட்டுத் தள்ளிட்டேன். ஒருநாள் என் ரூமுக்கு வந்து, எனக்கு இந்தப் படிப்பு வராது மேடம், நின்னுடறேன்னா. சரி, உக்காரும்மா, ஒரு கணக்க என் முன்னாடி போடுன்னேன். புத்தகத்தத் தொறந்தா. யாரோ சீனியர்கிட்ட வாங்கின ஏழாம் பதிப்பு.

– நீ வகுப்புக்கு வெச்சிருந்தது...

– ஒம்பதாம் பதிப்பு. நான் பதினேழாம் கணக்குன்னா அவ புத்தகத்துல பதினேழாம் கணக்கு வேற. சில கணக்கு அதே மாதிரி இருக்கும், எண் மட்டும் வேற. செவுத்துல சாத்தின ஏணி இருக்கே, ஏழாம் பதிப்புல அஞ்சு மீட்டர். ஒம்பதாம் பதிப்புல ஆறு.

– அவ போட்டிருந்த கணக்கு?

– உக்காந்து எல்லாத்தயும் திரும்பப் பாத்தேன்ப்பா. எல்லாமே சரி. ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்ல. நாங்க கேட்ட கணக்கு மட்டும் இல்ல.

– ஏணிய நான்தான் மாத்தினேன்.

– எனக்கும் தெரியும், இதோ இந்த மேஜை மேலதான மாத்தினீங்க! கோடை லீவு விட்டா கத்தரியும் பசையும் வெச்சுக்கிட்டு உக்காந்துடுவீங்க. பதினேழ நாலாக்கு, நால முப்பதாக்கு. சாப்பாட்டுத் தட்டு வைக்க இடம் இருக்காது. எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா எங்கள? இவ கடலையே ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்பதான் பாத்தா!

– பதிப்பகத்தான் சொன்னான், நான் செஞ்சேன். மாத்தலன்னா பழைய புத்தகம் கை மாறிக்கிட்டே இருக்கும், புதுசு விக்காதுன்னான். அதாவது, பாடத்துல ஒரு வரி புதுசா இருக்காது. ஏணி மட்டும் நீளும், குறுகும். அட விடு. அந்தப் பொண்ணு என்ன ஆனா?

– மார்க்க எல்லாம் மாத்திப் போட்டேன். இப்ப ரெண்டாம் வருஷம். பின்னாடி இருந்தவ முன் பெஞ்சுக்கு வந்துட்டா.

– நிக்கலயே?

– இல்லப்பா.

– அப்பாடா.

– என்னங்க அப்பாடா? உங்க புத்தகத்தத் தூக்கிட்டாங்கன்னு சொல்லிட்டிருக்கா. புரியுதா, இல்ல தலையில ஏதாவது இடிச்சுக்கிட்டீங்களா?

– இரு இரு, வெளிய வரேன். கையக் குடு பாப்பா. மெதுவா இழு. இடுப்பு ஒத்துழைக்க மாட்டேங்குது.

– அப்பா! அழறீங்களா?

– குழாய்த் தண்ணி கண்ணுல அடிச்சுடுச்சு.

– குழாய் உங்க தலைக்குப் பின்னாடி இருக்கு. மெக்கானிக்ஸ் வாத்தியார், ஒரு பொய்யாவது திசை பாத்துச் சொல்ல வேண்டாமா?

– சரி, அழுதேன். அதுக்கு இப்ப என்ன?

– அப்பா, என்ன மன்னிச்சுடுங்க. புத்தகத்துல முதல் பக்கத்துல 'என் மகளுக்கு'ன்னு போட்டிருக்கீங்க. அந்தப் பக்கத்த நெனச்சுக்கிட்டேதான் கையத் தூக்கினேன். ஒரு வாரமா சோறு இறங்கல. அந்தப் பொண்ணுக்காகத்தான்னு எனக்கே சொல்லிக்கிட்டாலும், உங்க முகத்த எப்படிப் பாக்கறதுன்னுதான்...

– அசடு, கண்ணத் துடை. நீ நெனக்கிற அழுகை இல்ல இது. அந்தப் பொண்ண நெனச்சுக் கொஞ்சம். மிச்சமெல்லாம் சந்தோஷம். உக்காரு, சொல்றேன். நீயும் உக்காரும்மா, கரண்டிய வெச்சுட்டு.

– கரண்டி கையில இருந்தாத்தான் எனக்குக் காது கேக்கும். சொல்லுங்க.

– மத்த காலேஜெல்லாம் என் புத்தகத்த எப்பவோ விட்டுடுச்சு. கடைசியா மிஞ்சினது உங்க காலேஜ் மட்டும்தான். அத நம்பித்தான் பத்தாம் பதிப்பு போடணும்னு பதிப்பகத்தான் ஒத்தக் கால்ல நிக்கிறான். முடியாதுன்னேன். நீங்க மாத்தலன்னா நாங்களே ஆள் வெச்சு மாத்திப்போம், உங்க பேர்லயே வரும்னான்.

– இத ஏன் எங்கிட்ட சொல்லல?

– உங்கிட்ட சொன்னா நீ கரண்டியோட அவன் ஆபீசுக்குப் போயிருப்ப. கேளு. ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. அவன் அச்சடிக்கிறத நிறுத்திட்டா, புத்தகத்தோட உரிமை எனக்கே திரும்பி வந்துடும். வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் அவன் நிறுத்த மாட்டான். இப்ப ஆளே இல்ல. சரியா?

– அப்ப பத்தாம் பதிப்பு?

– கிடையாது.

– கோடை லீவு?

– உனக்குத்தான். கடலோ மலையோ, நீயே சொல்லு.

– ஏண்டி, இந்தக் கையப் போன வருஷமே தூக்குறதுக்கு என்ன உனக்கு?

– அம்மா! இப்பதான என்னத் திட்டின!

– அது அப்ப. வா இங்க. மூஞ்சியப் பாரு, பேயறைஞ்ச மாதிரி. ஒரு வாரமா சாப்பிடலியாம்! முதல்ல சாப்பிடு, மத்ததெல்லாம் அப்புறம்.

– பாப்பா, ஒண்ணு கேக்குறேன். உரிமை கைக்கு வந்ததும், என் உராய்வு அத்தியாயத்த உங்க திறந்த புத்தகத்துல சேர்த்துக்குவாங்களா? அதுல அவங்க கொஞ்சம் பலவீனம்.

– கண்டிப்பாப்பா! நானே சேர்க்கிறேன். சத்தியமா, எனக்கு இப்பத்தான் மூச்சே வருது.

– ஏணி அஞ்சு மீட்டர்தான். இனிமே ஒரு பய அதத் தொடக் கூடாது.

– தொடலாம்ப்பா. அதுதான் திறந்த புத்தகம்.

– தொடலாமா?

– யார் வேணாலும்.

– ம். சரி, தொடட்டும். காரணத்தோட தொட்டா சரி.

– எல்லாம் நல்லபடியாத்தான் முடிஞ்சிருக்கு. ஆனா ஒரு ஆள மட்டும் எனக்கு மன்னிக்க மனசு வரலப்பா.

– யார?

– கமிட்டியில சரிபாதி இப்படி, சரிபாதி அப்படின்னு இழுத்துக்கிட்டு இருந்தாங்க. முடிவு பண்ண வெச்சது வெளியில இருந்து வந்த ஒரு மதிப்பீடு. காலேஜுங்களுக்கு ஒரு பொது அமைப்பு இருக்கில்ல, அவங்க ரிட்டயர் ஆன மெக்கானிக்ஸ் வாத்தியார் யாரோ ஒருத்தருக்கு ரெண்டு புத்தகத்தயும் அனுப்பிப் படிக்கச் சொன்னாங்க. யாரும் யாருக்கும் சாதகமா எழுதிடக் கூடாதுன்னு எழுதினவங்க பேர மறைச்சுடுவாங்க. மதிப்பிடுறவர் பேரும் எங்களுக்குத் தெரியாது. அந்த மனுஷன் உங்க புத்தகத்தக் கிழி கிழின்னு கிழிச்சுட்டாரு.

– என்ன எழுதியிருந்தாரு?

– வேண்டாம்ப்பா.

– பரவாயில்ல, சொல்லு.

– இவருக்குக் கணக்குப் போடத் தெரியுது, விளக்கத் தெரியலன்னு.

– அது கொஞ்சம் அதிகம்தான்.

– மூணாம் அத்தியாயத்த அரைத் தூக்கத்துல எழுதியிருப்பாரு போலன்னு.

– அது என்னவோ நிஜம்தான். அப்பதான் நீ பொறந்த. ராத்திரி முழுக்க வீறு வீறுன்னு கத்துவ.

– அம்மா! கடைசியில, பதிப்புக்குப் பதிப்பு கணக்க இடம் மாத்தி வெச்சுப் பிள்ளைங்கள அலைக்கழிக்கிறது வெக்கக்கேடு, எழுதினவருக்கும் இது தெரியாம இருக்காதுன்னு முடிச்சிருந்தாரு. அத வாசிச்சப்ப மொத்தக் கமிட்டியும் என்னத்தான் பாத்துச்சு. எங்க வெச்சுக்கறது முகத்தன்னு தெரியல.

– அடடா. உனக்கு அப்படி ஒரு சங்கடம் வரும்னு தோணலயே.

– உங்களுக்கு எப்படித் தோணும், நீங்க அங்க இல்லயே. எழுதினவருக்குத் தோணியிருக்கணும். சொன்னது அத்தனையும் சரிதான், நான் இல்லங்கல. ஆனா இவ்வளவு இரக்கமில்லாமயா? பேர் இல்லன்னா என்ன, இந்தப் புத்தகத்துக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருப்பான், அவன் ராப்பகலா உழைச்சிருப்பான்னு நெனச்சுப் பாக்க வேண்டாமா? அவர் யாருன்னு மட்டும் எனக்குத் தெரியட்டும், வீடு தேடிப் போய் நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்.

– இரு, நானும் வரேன். அவர் வீட்டு அட்ரஸ் மட்டும் கிடைக்கட்டும். என் புருஷன் புத்தகத்தக் குறை சொல்றதுக்கு நான் ஒருத்தி இருக்கேன், இன்னொருத்தன் எதுக்கு?

– ரெண்டு பேரும் செருப்பு மாட்ட வேண்டாம், உக்காருங்க. அட்டையக் கிழிச்சு, பேர மையால அழிச்சு அனுப்பிட்டா, என் புத்தகம் எனக்கே அடையாளம் தெரியாமப் போயிடுமா?