அளந்து பார்க்காத காற்று

கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. என் சிநேகிதனின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது.

இரவு இரண்டரை மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகிற சாலை... ஒரு ஈ காக்கை கிடையாது. அவர் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியன். வேலை முடிந்து நடந்து வருகிறார். பின்னால் ஒரு மூச்சு. 'ஈ...ங்' என்று இழுத்து இழுத்து வருகிறது. கூடவே ஸ்பிரிட் வாடை.

யாருடைய மூச்சு என்று அவருக்குத் தெரியும்.

மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் இறக்குவார்கள். காற்று கசியாமலிருக்க அதைச் சுற்றி ஒரு குட்டி பலூன். அதில் காற்று குறைந்தால் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கூடினால் உள்சதை நசுங்கிப் புண்ணாகும். அளக்க மீட்டர் உண்டு. நம்ம ஆள் தொடமாட்டார். அந்தப் பலூனோடு சேர்ந்து வெளியே தொங்குகிற குமிழை இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பார். "பத்து வருஷக் கை சார் இது... மீட்டர் எதுக்கு?" தலைக்கனம், வேறென்ன!

அன்று படுத்திருந்தது ஒரு பள்ளிக்கூட டீச்சர். எட்டு மணி நேர ஆபரேஷன். மயக்க வாயு பலூனுக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றிவிடும், நடுநடுவே பார்க்க வேண்டும். இவர் ஆரம்பத்தில் அமுக்கிப் பார்த்ததோடு சரி.

டீச்சர் பிழைத்து வீட்டுக்குப் போனார். ஒரு மாதத்தில், பலூன் நசுக்கிய புண் தழும்பாகி மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது. குரல் போயிற்று... மூச்சு விசிலடித்தது. திரும்பக் கொண்டுவந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது. அவர் கணவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கல்லாம் எவ்வளவோ பாடுபட்டீங்க தம்பி" என்று அழுதாராம். இவர் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

சாலையில் திரும்பிப் பார்த்தார். டீச்சர்தான்... பச்சை கவுனோடு, பத்தடி தூரத்தில்.

இவர் மண்டிபோட்டுவிட்டார். "தப்பு என்மேலதான் டீச்சர். நான் அளந்து பாக்கல. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க... இல்ல, திட்டவாவது திட்டுங்க."

டீச்சரின் உதடு அசைந்தது. நிறையச் சொன்னார். காற்றுதான் வந்தது.

மன்னித்தாரா, சபித்தாரா... தெரியவில்லை. வேலையை விட்டுவிடச் சொல்லி அக்கா அழுகிறாள். இவர் கேட்பதில்லை. தினமும் அதே சாலையில் நடக்கிறார், தினமும் மன்னிப்புக் கேட்கிறார், டீச்சரும் பதில் சொல்கிறார்.

போன வாரம் நாலடி தூரம்தான் இருந்ததாம். "இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தா உதடு புரிஞ்சிடும்டா" என்றாராம் என் சிநேகிதனிடம்.