அஞ்சு கோடு எட்டு

அந்த நாற்காலி வேணாம் தம்பி, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்பிடி ஜன்னல் பக்கம் உக்காருங்க. எல்லைச் சுவர் தெரியுதேன்னு பார்க்காதீங்க, இந்த ஊர்ல எங்க உக்காந்தாலும் அது தெரியும்.

ஆமா, மெயில நேத்தே படிச்சிட்டேன். நஸாரியோவ நீக்கணும், அதுக்கு இந்தக் கிளினிக் சார்பா நான் ஒரு கையெழுத்துப் போடணும். போடலாம், கையெழுத்து எங்க ஓடிப்போவுது. மொதல்ல காப்பியக் குடிங்க. ஃபீனிக்ஸ்லேருந்து மூணு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கீங்க. நேர்ல போய் விசாரிச்சோம்னு ஒரு கட்டம் இருக்குமே உங்க ஃபாரத்துல, அதுல டிக் அடிக்கணும்ல.

கோவிச்சுக்காதீங்க, என் வாய் அப்பிடி. இந்த எச்.ஐ.வி. வேலைக்கு வந்து இருபத்திரெண்டு வருசம் ஆச்சு. உங்கள மாதிரி ஃபைலத் தூக்கிட்டு வந்தவங்க பதினாலு பேரப் பார்த்துட்டேன். எல்லாருமே நல்ல பிள்ளைங்கதான். ஒருத்தர் கூட ரெண்டாந்தடவ வந்ததில்ல.

நஸாரியோ என்ன படிச்சிருக்கானா? ஒண்ணும் படிக்கல. முடி வெட்டுறான். சுவருக்கு அந்தப் பக்கம், மெக்சிகோ நோகாலெஸ்ல, மலைமேல, பழைய டயர அடுக்கிப் படி கட்டின தெருவுல கடை. சிரிங்க, பரவால்ல, எங்க டாக்டரும் மொதல்ல சிரிச்சாரு. ஆனா பாருங்க, ஆம்பளங்கிறவன் டாக்டர்கிட்ட பொய் சொல்லுவான், பாதிரியார்கிட்ட பொய் சொல்லுவான், பொண்டாட்டிகிட்ட சொல்றதக் கேக்கவே வேணாம். கழுத்துல துணியச் சுத்தி, காதுகிட்ட கத்திய வச்சா மட்டும் உண்மையக் கக்கிருவான். கண்ணாடியப் பார்த்துக்கிட்டே பேசுறானா, எதிராளி மூஞ்சியப் பார்க்க வேண்டியதில்ல. அப்பிடிப் பேசுறவன நைசா ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புறது, அப்புறம் மாத்திரைய விடாம முழுங்குறானான்னு பார்க்குறது, ஆஸ்பத்திரிக்கு வரலன்னா வீடேறிப் போயி கதவத் தட்டுறது, இதெல்லாம் நஸாரியோதான். இன்னைய தேதிக்கு அறுபத்திரெண்டு பேரு அவன் கைப்பிடியில உசுரோட இருக்காங்க. அவன எடுத்துட்டீங்கன்னா அடுத்த வருசம் அதுல பாதிப் பேரு எங்கன்னே தெரியாது. உங்க கம்ப்யூட்டரா அந்த டயர் படியில ஏறப்போவுது?

உங்க ஆபீசுக்காரங்களும் நேர்ல ஆளத் தேடிப் போய்ப் பார்த்தாங்க. அந்தக் கூத்து உங்க ஃபைல்ல இருக்காது, நான் சொல்றேன். நாலு வருசம் முன்னால, சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்புகளுக்கு ஒரு பரிசோதனை வண்டி அனுப்பினாங்க. புத்தம் புது வெள்ள வண்டி, பக்கவாட்டுல பச்சையா ஒரு பட்டை. ஏன் தம்பி, எல்லைப் போலீசு வண்டி என்ன நிறம்னு ஒருத்தனுக்குமா தெரியல? அதோட விட்டாங்களா, மேல கொட்ட எழுத்துல எழுதியிருந்தாங்க, உங்க ஸ்டேட்டஸ் உங்களுக்குத் தெரியுமான்னு. ரத்தத்துல கிருமி இருக்கா இல்லையாங்கிறதுக்கு ஃபீனிக்ஸ்ல அப்பிடிச் சொல்லுவாங்களாம். இங்க ஸ்டேட்டஸ்னா ஒண்ணுதான், குடியேற்ற பேப்பர் இருக்கா இல்லையா. வெள்ளயும் பச்சையுமா ஒரு வண்டி, அதுல பேப்பர் இருக்கான்னு கேள்வி. அன்னைக்கு ஆனப்பா குடியிருப்புல கோழி கூட நிக்கல. சாயங்காலம் வரைக்கும் ரெண்டே பேருக்கு டெஸ்ட் எடுத்தாங்க. அதுல ஒருத்தன் வண்டி டிரைவரு.

அதுக்கு யாரையும் நீக்கல. ரிப்போர்ட்ல, மக்களிடையே விழிப்புணர்வு போதவில்லைன்னு எழுதிட்டாங்க. மக்கள் எவ்வளவு விழிப்பா இருந்தா அப்பிடி ஓடியிருப்பாங்க?

சரி சரி, விஷயத்துக்கு வர்றேன். எவாரிஸ்தோ விஷயம்தானே. உங்ககிட்ட நம்பரா இருப்பான், எனக்கு ஆளா இருக்கான்.

நாப்பத்தோரு வயசு. அந்தப் பக்கத்துல வீடு, இந்தப் பக்கத்துல தக்காளிக் கிடங்குல வேல. பெல்ட்டுல ஓடுற தக்காளிய நிறம் பார்த்துப் பிரிக்கணும், செங்காய் ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். அவன் கண்ண நம்பி லாரி கெளம்பும். இங்க வந்தப்ப ஒட்டடக்கம்பு மாதிரி இருந்தான். நோய் எதிர்ப்பு சக்தின்னு சொல்ல ஒண்ணுமே மிச்சமில்ல. ஏழு மாசம் மாத்திர குடுத்தோம். ஒரு வேள விடல மனுசன். காகிதத்துல என்ன எழுதியிருக்கோ அத அப்பிடியே செய்வான். சாப்பாட்டுக்குப் பின்னன்னு எழுதியிருந்தா, சாப்பாடு இல்லாத அன்னைக்கு வெறும் ரொட்டியாவது மென்னுட்டுத்தான் போடுவான். கன்னத்துல சதை வந்துச்சு, ஏதோ ஒரு பொண்ணப் பத்தி வெட்கப்பட்டுக்கிட்டே பேசக்கூட ஆரம்பிச்சான்.

மார்ச் மாசம் எல்லை கேட்டுல அவன் பாஸப் பிடுங்கிட்டாங்க. கடைகண்ணிக்கு வந்து போற பாஸு, அத வச்சு வேல செஞ்சது தப்பாம். இனிமே இந்தப் பக்கம் வர முடியாது. அப்ப அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அவன மாத்தணும். இங்கேருந்து அறுபது மாத்திர, நாளைக்கு ஒண்ணு வீதம் ரெண்டு மாசத்துக்கு, கூடவே அந்த ஆஸ்பத்திரிக்கு எப்ப போகணும்னு ஒரு சீட்டு. ரெண்டும் நஸாரியோ மூலமா அவன் கைக்குப் போச்சு. அந்த ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணி, மே எட்டாந்தேதி வருவான்னு சொல்லியாச்சு.

சீட்டுல தேதி எப்பிடி எழுதியிருந்துச்சு தெரியுமா? அஞ்சு, ஒரு கோடு, எட்டு.

ஆமா, நீங்க மே எட்டுன்னுதான் படிப்பீங்க. உங்க பக்கம் மாசத்த மொதல்ல போடுவீங்க. சுவரத் தாண்டிட்டா நாள்தான் மொதல்ல. அவன் படிச்சது ஆகஸ்டு அஞ்சு. இப்ப புரியுதா?

வேறென்ன செய்வான், காகிதம் சொன்னதச் செஞ்சான். அறுபது மாத்திர இருக்கு, அஞ்சு மாசம் ஓட்டணும். உக்காந்து கணக்குப் போட்டிருக்கான். ரெண்டு நாளைக்கு ஒண்ணு, அப்புறம் மூணு நாளைக்கு ஒண்ணு. நஸாரியோ பார்க்குறப்பல்லாம் மாத்திர இருக்கான்னு கேட்டிருக்கான், இவனும் டப்பாவ ஆட்டிக் காட்டியிருக்கான். பொய்யில்லயே, இருந்துச்சு.

அதான் இல்ல. தேடிப் போகலன்னு யாரு சொன்னா? மே எட்டாந்தேதி இவன் வரலன்னதும் அந்த ஆஸ்பத்திரி நஸாரியோவுக்குச் சொல்லுச்சு, மறுநாள் காலையிலயே கடையச் சாத்திட்டு ஏறிப் போயிட்டான். எவாரிஸ்தோ சீட்ட எடுத்துக் காட்டினான். நஸாரியோவும் அந்தப் பக்கத்து ஆளுதானே, ஆகஸ்டு அஞ்சுன்னு படிச்சான். நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி சண்டை போட்டிருக்கான், நீங்கதான் தேதியக் கொழப்பிட்டீங்க, கிளினிக் சீட்டுல தப்பு வராதுன்னு. அவங்களும் நோட்டுல அடிச்சு ஆகஸ்டுன்னு மாத்திக்கிட்டாங்க. ஒரு போன் போட்டு இங்க கேட்டிருக்கலாம்தான். ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒரு போன் போடுறதுக்கு எத்தன பேரு அனுமதி குடுக்கணும்னு நீங்களே உங்க ஆபீசுல கேட்டுப் பாருங்க.

ஆகஸ்டு அஞ்சு காலையில ஆறு மணிக்கே வந்துட்டானாம் எவாரிஸ்தோ. தேய்ச்ச சட்ட, தலையில எண்ணெய். நர்சு பார்த்ததும் பதறிட்டா, பழையபடி ஒட்டடக்கம்பு. இடது கண்ணு பத்து நாளாத் தெரியலன்னு சொல்லியிருக்கான். பத்து நாளா ஏண்டா வரலன்னு கேட்டதுக்கு, இன்னும் பத்து நாள்தானே தேதிக்கு, பொறுத்துக்கலாம்னு இருந்தேன்னான்.

இல்ல, திரும்பாது. இடது கண்ணு போனது போனதுதான். வலதும் மங்கல். ரெண்டு நாளைக்கு ஒண்ணு, மூணு நாளைக்கு ஒண்ணுன்னு விட்டு விட்டுப் போட்டதுல கிருமியும் அந்த மருந்துக்குப் பழகிப்போச்சு, இனிமே அது வேல செய்யாது. புது மருந்து ஆரம்பிச்சிருக்காங்க, பொழச்சுக்குவான்னு சொல்றாங்க. தக்காளி பிரிக்க மாட்டான்.

அந்த ரிப்போர்ட்ட இப்பிடிக் குடுங்க. மூணாவது பத்தி. எல்லைக்கு அப்பாலுள்ள களப்பணியாளர் உரிய காலத்தில் நோயாளியைத் தொடர்புகொள்ளாத காரணத்தால் சிகிச்சையில் இடைவெளி ஏற்பட்டது. எவ்வளவு வழுவழுன்னு இருக்கு பார்த்தீங்களா. இடைவெளி ஏற்பட்டதாம், மழை பெஞ்சுச்சுங்கிற மாதிரி. சீட்டப் பத்தி ஒரு வரி உண்டா? ரெண்டு மூணு இடத்துல தேடினேன், இல்ல. இதப் படிச்சிட்டு நீங்களும் ஒரு மனுசன நீக்க மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றீங்க. இத எழுதினது எந்தப் பக்கத்து ஆளுன்னாவது யோசிச்சீங்களா?

சீட்டா? இருக்கு. இந்த டிராயர்லதான் இருக்கு, போன வாரம் அவன் தலகாணிக்கு அடியிலேருந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன். பாருங்க, எவ்வளவு பத்திரமா வச்சிருக்கான், ஒரு மடிப்பு தவிர வேற கசங்கல் இல்ல.

யாரு எழுதினதுன்னு கேளுங்க, கேக்கத்தானே வந்திருக்கீங்க. தேதி எழுதுறப்ப மாசத்த எழுத்துல எழுதணும், மேன்னு எழுதணும், ஆகஸ்டுன்னு எழுதணும், நம்பர் போடக்கூடாது. இந்தக் கிளினிக்ல இது சட்டம். புதுசா வர்றவங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுக்குறது. ஒரு தடவ ஒரு நர்சு நம்பர் போட்டுட்டான்னு எல்லார் முன்னாடியும் கிழிச்சு அவ மேசையிலேயே போட்டேன். ஆமா, நான்தான். சட்டம் போட்டதும் நான்தான்.

அந்த மார்ச் மாசம் உங்க ஆபீசுக்கு காலாண்டு ஃபாரம் அனுப்ப வேண்டிய நாளு. காலையிலேருந்து எழுபது எம்பது தேதி எழுதியிருப்பேன், எல்லாம் உங்க கணக்குல, மாசம், கோடு, நாள். கையி அதே ஓட்டத்துல இந்தச் சீட்டுலயும் எழுதிட்டுப் போயிருச்சு. அத உங்க தலையில கட்டலாம்னு பார்த்தேன், கட்ட முடியல. உங்க ஃபாரமா என் கையப் பிடிச்சு எழுதுச்சு?

இதுவாவது தெரியாமப் பண்ண தப்பு. தப்பு யாருக்கும் வரும்னு நீங்க சொல்லுவீங்க, உங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. அந்த மூணாவது பத்தியும் நான்தான் எழுதினேன் தம்பி. இதே மேசையில உக்காந்து, வார்த்தைய மாத்தி மாத்தி, நாலு தடவ எழுதினேன். அது கை ஓட்டத்துல வந்ததில்ல.

போன ஞாயித்துக்கிழம வார்டுல எவாரிஸ்தோ கேட்டான், அக்கா, நான் எதையும் தப்பாப் படிச்சிட்டேனான்னு. இல்லடா, நீ சரியாத்தான் படிச்ச, உங்க பக்கத்து ஆளுங்க கொழப்பிட்டாங்கன்னு சொல்லிட்டேன். அவன் வாயில நஸாரியோவான்னு வந்துச்சு. நான் பேசாம இருந்தேன். நான் பேசாம இருந்து யாராவது பார்த்திருக்காங்களா? அன்னைக்கு இருந்தேன்.

அன்னைலேருந்து நஸாரியோ கடையச் சாத்திட்டு எலும்பு சூப் கொண்டுபோனா, அவன் செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்குறானாம். நர்சு சொன்னா. நஸாரியோ கிண்ணத்த வச்சிட்டு, அவன் திரும்பின பக்கமே போயி நின்னு, தாடிய மட்டும் வழிச்சு விட்டுட்டு வந்துருவானாம். நஸாரியோ அந்தச் சீட்டப் பார்த்தவன். என் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா, பதினேழு வருசமாப் பார்க்குறான். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, எவாரிஸ்தோகிட்டயும் ஒரு வார்த்த சொல்லல.

அதனால நீங்க நஸாரியோ பேர அடிச்சிட்டு என் பேர, ஒப்துலியா லெய்வான்னு எழுதுங்க. பேனா இந்தா. கவனக்குறைவுன்னு போடாதீங்க, அது ரொம்ப நாசூக்கான வார்த்த. பொய் சொன்னாள்னு போடுங்க. வேலைய விட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க, ஆனா எனக்குப் பதிலா வர்றவங்களுக்கு நஸாரியோ கட நம்பரக் குடுத்துருங்க.

வேணாம், காப்பி போதும். நாலு மணிக்கு எல்லை கேட்டு வரிசையில நிக்கணும், அஞ்சுக்கு வார்டுக்குள்ள விடுவாங்க. அந்தக் கட்டில்கிட்ட போயி இத சொல்லணும். ஒரு வாரமா வாயத் தொறந்தா வரல. மொதல்ல ஒரு வெளியாளுகிட்ட சொல்லிப் பார்ப்போம்னுதான் உங்கள உக்கார வச்சேன்.