‘என் கருத்தில்’ என்று எழுத வைத்தவருக்கு

எங்கள் வாக்கியங்களின் வைத்தியரே! பிழைகளை வட்டமிட்டே வழிக்குக் கொண்டுவந்த வல்லவரே! கட்டட ஆய்வு அலுவலகத்தின் அறிக்கைப் பிரிவில் முப்பத்தோராண்டு முடித்து விடைபெறும் அக்கா அவர்களே! வணக்கம்.

நம் அறிக்கைகள் ஆங்கிலத்தில் போகும். அதில் ஒளிந்துகொள்ள இடம் ஏராளம். ‘இட் இஸ் ஃபெல்ட்’ என்று எழுதிவிட்டால், உணர்ந்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. ‘சம் மே ஆர்க்யூ’ என்றால் பழி அந்தச் சிலர்மேல். இப்படியே எழுதிப் பிழைத்தோம். நீங்கள் மட்டும் கேட்டீர்கள்.

பள்ளிக்கூடத்துக் கிழக்குக் கட்டட அறிக்கையோடு நம் மூத்த பொறியாளர் வந்த நாளை மறக்க முடியுமா! தூண்களில் விரல் நுழையும் விரிசல். அறிக்கையிலோ, ‘கவலைக்கு இடமிருப்பதாகச் சிலர் கருதக்கூடும்.’

“யாருங்க அந்தச் சிலர்? கூட்டிட்டு வாங்க, டீ வாங்கித் தர்றேன்.”

“மேலிடத்துக்கு அதை மூட இஷ்டமில்லக்கா. என்னை ஏன் மாட்டி விடுறீங்க?”

“உங்க பொண்ண அதுக்குள்ள உக்கார வைப்பீங்களா?”

அவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

“அப்ப அதையே எழுதுங்க.”

நான்கு முறை திருப்பி அனுப்பினீர்கள். ஐந்தாம் முறை அந்தத் தாள் ‘இன் மை ஒபினியன்’ என்று தொடங்கியது: என் கருத்தில், இங்கே இனி ஒரு நாளும் வகுப்பு நடக்கக் கூடாது. கீழே அவர் கையெழுத்து. அதற்கும் கீழே, யாரும் கேட்காமலே, ‘ஐ அக்ரீ’ என்று உங்கள் கையெழுத்து.

மேலிடம் கூப்பிட்டது. வரியை மாற்றச் சொன்னது. “கருத்து எங்களோடது சார். வேற கருத்து இருந்தா உங்க பேர்ல எழுதிக் குடுங்க” என்றீர்கள். எழுத ஒருவரும் முன்வரவில்லை. கட்டடம் பூட்டப்பட்டது.

மூன்று வாரம் ‘பயந்தாங்கொள்ளி ஆபீஸ்’ என்று ஊர் சிரித்தது. நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி, முழுப் பள்ளி நேரம். மேல்தளம் அப்படியே கீழே இறங்கியது.

ஓடிப்போனோம். வகுப்புகளை மாற்றியிருந்த மைதானத்துப் பந்தலில் நூற்றெண்பத்தாறு பிள்ளைகள், தலையெல்லாம் தூசி. தலைமையாசிரியை பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் “உள்ளேன் டீச்சர்” என்று ஒரு குரல் எழுந்தது. கடைசிப் பெயர்வரை எழுந்தது.

வென்றீர்கள், அக்கா! அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கும் வயதுவரை நலமாக வாழுங்கள்.

அன்பும் பெருமையுமாக,
அறிக்கைப் பிரிவினர், ஆய்வுப் பிரிவினர்